ஸ்விங்கை மாற்றாமலே ஸ்கோரைக் குறைக்க: கோல்ஃப் மைதானத்தில் முடிவெடுக்கும் முறை

பயிற்சித் திடலான ரேஞ்சில் நூறு பந்து அடித்தால் அறுபது சுமார் நேராகப் போகிறது. அதே ஆள் மைதானத்தில் இறங்கினால் ஸ்கோர் 115. ஒரு ராத்திரியில் ஸ்விங் கெட்டுப்போகாது. பிறகு என்னதான் நடக்கிறது? ஒரே ஒரு ஹோலை எடுத்து எண்ணிப் பார்க்கலாம்.

380 யார்டு, பார் 4, அதாவது தேர்ந்தவர் நான்கு அடியில் பந்தைக் குழியில் போடவேண்டிய ஹோல். டிரைவர் என்ற நெடுந்தூர மட்டையால் அடித்த பந்து வலப்பக்க மரங்களுக்குள் போகிறது: ஒன்று. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு சந்து தெரிகிறது, சந்து வழியே குழி உள்ள புல்தரையான கிரீனும் தெரிகிறது. அடித்தால் பந்து அடிமரத்தில் பட்டு இன்னும் உள்ளே போகிறது: இரண்டு. எரிச்சலில் மறுபடியும் அதே சந்து, இந்த முறை கிளையில் பட்டு விழுகிறது: மூன்று. இப்போதுதான் பக்கவாட்டில், வெட்டிய புல்பாதையான ஃபேர்வேக்கு: நான்கு. விட்டதைப் பிடிக்கக் கொடியையே குறிவைத்து, கிரீனுக்கு முன்னால் இருக்கும் மணல்குழியான பங்கரில்: ஐந்து. பங்கரிலிருந்து கிரீன்: ஆறு. கிரீனில் பந்தை உருட்டும் பட் மூன்று: ஒன்பது.

கை தவறியது முதல் ஷாட்டில். அதற்குப் பிறகு தவறியதெல்லாம் பெரும்பாலும் கணக்கு. இரண்டாவது ஷாட்டிலேயே பக்கவாட்டில் வெளியே வந்திருந்தால் மூன்றாவதில் கிரீனுக்குப் பக்கம், நான்காவதில் கிரீன், இரண்டு பட், மொத்தம் ஆறு. அதே ஆள், அதே ஸ்விங், மூன்று ஸ்ட்ரோக் மிச்சம்.

மைதானத்தில் நிதானமாக இருப்பதைப் பிறவிக் குணம் என்று பலர் நினைக்கிறார்கள். பதற்றம் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். எந்த மட்டை, அதாவது கிளப், எந்தப் பக்கம், தண்ணீரைத் தாண்டுமா தாண்டாதா என்று முடிவாகாமல் பந்துக்கு மேல் நிற்கும்போதுதான் வருகிறது. முடிவை முன்பே எடுத்துவிட்டால் பதறுவதற்குப் பாதி காரணம் போய்விடும். அதனால் இந்தக் கட்டுரையில் கணக்கு முதலில், மனசு பிறகு. வலக்கை ஆட்டக்காரரை வைத்துத்தான் எழுதியிருக்கிறது. இடக்கைக்காரர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளவும்.

படி 1: உங்கள் தூரம் எவ்வளவு என்று உண்மையாகத் தெரிந்துகொள்ளுங்கள்

"என் 7 ஐயன் கிளப்பில் அடித்தால் 150 யார்டு போகும்" என்று சொல்பவரிடம் இன்னொரு கேள்வி கேட்கவேண்டும்: எத்தனை தடவைக்கு ஒருமுறை? வாழ்நாளில் நன்றாகப் பட்ட ஒரு ஷாட்டைத்தான் பெரும்பாலானவர்கள் தங்கள் தூரமாக மனதில் வைத்திருக்கிறார்கள். விளைவு, பந்து எப்போதும் குறைவாகவே விழுகிறது. மைதானத்தை அமைப்பவர்களும் பங்கரையும் தண்ணீரையும் கிரீனுக்கு முன்னால் தாராளமாக வைப்பவர்கள்தான்.

அளக்கும் முறை எளிது. தூரப் பலகை உள்ள ரேஞ்சில் ஒரு கிளப்புக்கு 15 பந்து அடியுங்கள். மிகச் சிறந்த மூன்றையும் படுமோசமான மூன்றையும் விட்டுவிடுங்கள். மீதி ஒன்பதைத் தூரப்படி வரிசையாக வைத்தால் நடுவில் வருவது ஐந்தாவது பந்து. அதுதான் உங்கள் தூரம். குறிக்க வேண்டியது கேரி, அதாவது பந்து காற்றில் போய் முதன்முதலில் தரை தொடும் தூரம். உருண்டு நிற்கும் தூரம் அல்ல. தண்ணீரை எந்தப் பந்தும் உருண்டு தாண்டாது.

கூடவே இன்னொரு எண்ணையும் எழுதுங்கள்: இடப்பக்கம் அதிகம் போன பந்துக்கும் வலப்பக்கம் அதிகம் போன பந்துக்கும் நடுவே எத்தனை யார்டு அகலம்? இதைச் சிதறல் என்று வைத்துக்கொள்வோம். புதியவர்களுக்கு டிரைவரில் இது திகைக்க வைக்கும் அளவுக்கு இருக்கும். திகைப்பு நல்லதுதான். குறிவைக்கும்போது ஒரு புள்ளியை நோக்கி அடிக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தச் சிதறல் முழுவதையும்தான் மைதானத்தின்மேல் விரிக்கிறோம்.

விதிப்படி பையில் 14 கிளப் வரை வைக்கலாம். ஆரம்பத்தில் அவ்வளவு வேண்டாம். டிரைவர், ஒரு ஹைப்ரிட், 7 ஐயன், 9 ஐயன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர் என்று ஏழு போதும். தூரங்களை ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பையில் மாட்டுங்கள். தேய்ந்த ரேஞ்ச் பந்துகள் நல்ல பந்தைவிடக் குறைவாகவே போகும், அதனால் இரண்டு மூன்று ரவுண்டு ஆடியபின் எண்களைத் திருத்துங்கள்.

பிறகு சில திருத்தங்கள். கிரீன் உங்களைவிட 10 யார்டு உயரத்தில் இருந்தால் தூரத்தோடு ஏறக்குறைய 10 யார்டு கூட்டுங்கள். தாழ்ந்திருந்தால் அதேபோலக் கழியுங்கள். எதிர்க்காற்று எடுத்துக்கொள்ளும் தூரம், அதே வேகப் பின்காற்று கொடுக்கும் தூரத்தைவிட அதிகம். எதிர்க்காற்றில் பலமாக அடிப்பது பெரிய தவறு. பலமாக அடித்தால் பின்சுழற்சி கூடும், பந்து மேலே எழும்பிக் காற்றில் தொங்கி அங்கேயே விழும். ஒரு கிளப், தேவைப்பட்டால் இரண்டு கிளப் கூட எடுத்து முக்கால் ஸ்விங்கில் சாவகாசமாக அடியுங்கள்.

படி 2: அட்டையில் உள்ள பாரை மறந்துவிட்டு உங்கள் பாரை எழுதுங்கள்

பார் என்பது தேர்ந்த ஆட்டக்காரருக்கான எண். 100-க்குள் வர ஆசைப்படுபவர் அதைத் துரத்தினால் முதல் ஹோலிலேயே பின்தங்கிய உணர்வு வந்துவிடும். பார் 72 மைதானத்தில் ஒன்பது போகி (பாரைவிட ஒன்று அதிகம்), ஒன்பது டபுள் போகி (இரண்டு அதிகம்) எடுத்தால் 72 + 9 + 18 = 99. ஒரு பார்கூட வேண்டாம். பதினெட்டு ஹோலிலும் போகி என்றால் 90.

எனவே அட்டையில் ஒவ்வொரு பார் 4-க்கும் பக்கத்தில் 5 என்று பென்சிலால் எழுதுங்கள். ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் என்ற வரிசையில் 1 முதல் 9 வரை எண் கொண்ட ஹோல்கள் கடினமான பாதி. அங்கே ஆறு எழுதினாலும் வெட்கமில்லை. இப்போது அந்த 380 யார்டு ஹோலைப் பாருங்கள். மூன்று ஷாட்டில் கிரீனுக்குப் போனால் போதும் என்றால் 150, 130, 100. டிரைவரே தேவைப்படாத எண்கள். மிரட்டிய ஹோல் சட்டென்று சுருங்கிவிடும்.

ஒரு ஹோலில் பத்து அடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்ற எண்ணமும் வேண்டாம். ஆட்டக்காரரின் திறனை எண்ணாகச் சொல்வது ஹேண்டிகேப். உலக ஹேண்டிகேப் முறையில் ஒரு ஹோலுக்குக் கணக்கில் எடுக்கும் ஸ்கோருக்கு உச்சவரம்பு உண்டு. இன்னும் ஹேண்டிகேப் கிடைக்காதவருக்கு அது பாருக்கு மேல் 5. அதற்கு மேல் போனது ஹேண்டிகேப் கணக்கில் ஏறாது.

படி 3: முதல் ஷாட் அடிக்கும் இடமான டீயில் நிற்கும்போது

முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு தூரம் அடிக்கலாம்?" அல்ல. "இங்கே எந்தப் பக்கம் போனால் தொலைந்தோம்?" என்பதுதான். பந்து தப்பும் பக்கங்கள் எல்லாம் ஒரே விலை கேட்பதில்லை.

வெள்ளைக் கழி வைத்த எல்லைக்கு வெளியே போனால், அதாவது ஓபி என்றால், அல்லது பந்து தொலைந்தால், ஒரு ஸ்ட்ரோக் தண்டம், அதோடு அடித்த இடத்துக்கே திரும்பி வரவேண்டும். டீயிலிருந்து மூன்றாவது ஷாட் அடிப்பீர்கள். சிவப்பு அல்லது மஞ்சள் கழி உள்ள பெனால்டி ஏரியாவில் விழுந்தால் தண்டம் ஒன்றுதான், பெரும்பாலும் தூரம் முழுதாகப் போகாது. நீளப் புல்லான ரஃப், பங்கர் இவற்றுக்குத் தண்டமே இல்லை. ஆகவே இடப்பக்கம் ஓபி, வலப்பக்கம் ரஃப் என்றால் சிதறலின் இடக் கடைசியும் உள்ளே விழும்படி வலப்பக்கமாகக் குறிவையுங்கள். பந்து ரஃபில் கிடந்தாலும் திட்டம் பலித்தது என்றே அர்த்தம்.

பந்தை வைக்கும் குச்சிக்கும் டீ என்றே பெயர். அதை எங்கே ஊன்றுவது என்பதும் ஒரு முடிவு. இரண்டு குறிகளுக்கு நடுவே எங்கு வேண்டுமானாலும் ஊன்றலாம். இரண்டு கிளப் நீளம் பின்னாலும் போகலாம். ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் குறிக்கு அருகில் ஊன்றி, எதிர்ப்பக்கம் நோக்கி அடியுங்கள். வலப்பக்கம் தண்ணீர் என்றால் வலக் குறிக்கு அருகில் நின்று இடப்பக்க ஃபேர்வேயைப் பார்க்க வேண்டும். புதியவர்கள் உள்ளுணர்வில் இதற்கு நேர்மாறாகத் தண்ணீரைவிட்டு விலகிப்போய் நிற்பார்கள். அங்கிருந்து அடிக்கும் கோடு தண்ணீரை நோக்கியே போகும்.

டிரைவரா வேண்டாமா? பந்து விழும் இடத்தில் பாதுகாப்பான அகலம் எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் டிரைவர் சிதறல் அதில் அடங்கினால் டிரைவர். அடங்காவிட்டால் ஹைப்ரிட்டின் சிதறல் அடங்குமா என்று பாருங்கள். இங்கே ஒரு பொதுப்புத்தியைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும்: சின்ன கிளப் எடுத்தாலே நேராகப் போகும் என்பது எல்லாருக்கும் உண்மையில்லை. உங்கள் அட்டையில் ஹைப்ரிட்டும் டிரைவரும் ஒரே அகலம் காட்டினால் தூரத்தைச் சும்மா விட்டுக்கொடுப்பதில் லாபமில்லை. டிரைவரைப் பையிலேயே வைக்க வேண்டியது, அதன் தூரத்தில் சரியாக ஒரு குளமோ பங்கரோ காத்திருக்கும்போது.

உங்கள் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைகிறதா? மைதானத்தில் அதைத் திருத்த முயலாதீர்கள். அது ரேஞ்ச் வேலை. இங்கே ஃபேர்வேயின் இடது விளிம்பைக் குறிவைத்து வளைய விடுங்கள். நேராக வந்தால் இடது விளிம்பு, வளைந்தால் நடு, அதிகம் வளைந்தால் வலது விளிம்பு. மூன்றுமே ஆடக்கூடிய இடம்.

பந்து தொலைந்திருக்கலாம், ஓபி போயிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், நகர்வதற்கு முன் "ப்ரொவிஷனல் (தற்காலிகப் பந்து) அடிக்கிறேன்" என்று கூட ஆடுபவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டு இன்னொன்று அடியுங்கள். அந்த வார்த்தையைச் சொல்லாமல் அடித்தால் இரண்டாவது பந்தே உங்கள் பந்தாகிவிடும், முதல் பந்து நல்ல இடத்தில் கிடைத்தாலும் பயனில்லை. தேடுவதற்கு 3 நிமிடம்தான்.

படி 4: கிரீனை நோக்கி அடிக்கும்போது

கொடி எங்கே இருந்தாலும் கிரீனின் நடுவுக்கான தூரத்தை எடுங்கள். கொடியைக் கிரீனின் ஓரத்தில், பங்கருக்குப் பின்னால் செருகி வைப்பது ஆசை காட்டத்தான். நடுவைக் குறிவைத்தால் சிதறலின் பெரும்பகுதி கிரீனிலோ விளிம்பிலோ விழும். கொடியைக் குறிவைத்தால் பாதிச் சிதறல் கிரீனுக்கு வெளியே தொங்கும். உலகின் மிகச் சிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே ஒரு ரவுண்டில் சராசரியாக 12 கிரீன்களைத்தான் உரிய ஷாட்டில், அதாவது பாரைவிட இரண்டு குறைவான ஷாட்டில், தொடுகிறார்கள். கொடியைக் குறிவைக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் 2019 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் நடந்ததைப் பாருங்கள். 12-வது ஹோல், 155 யார்டு பார் 3. முன்னால் ரேஸ் கிரீக் ஓடை, கிரீன் குறுக்குவாட்டில் ஒல்லியானது, ஞாயிற்றுக்கிழமைக் கொடி வலப்பக்கம். முன்னணியில் இருந்த பிரான்செஸ்கோ மோலினாரியின் பந்து ஓடையில். அதே குழுவில் டோனி ஃபினாவும் ஓடையில். முந்தைய குழுவில் புரூக்ஸ் கெப்கா, இயன் போல்டர் இருவரும் ஓடையில். டைகர் வுட்ஸ் கொடியை விட்டுவிட்டு இடப்பக்கமாகக் கிரீனில் போட்டு, இரண்டு பட்டில் மூன்று எழுதினார். அன்று மாலை வெற்றியாளருக்குரிய பச்சைக் கோட்டு அவருக்கு. அந்த ஹோலில் அவர் அற்புதம் எதுவும் செய்யவில்லை.

கிளப் தேர்வில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டுக்கும் நடுவே தூரம் வந்தால் பெரிய கிளப். சரியாகப் படாத பந்து குறைவாகத்தான் போகும். நமக்குப் பெரும்பாலும் சரியாகப் படாது.

முன்னால் தண்ணீர் இருந்து, தாண்டுவது சந்தேகம் என்றால் முன்னாலேயே நிறுத்துங்கள். இதை லே-அப் என்பார்கள். அதிலும் ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் 160 யார்டில் தொடங்கினால், உங்கள் சிறந்த ஷாட்டும் உருண்டு போய் விழாத கிளப்பை எடுங்கள். சராசரி 150 போகும் கிளப்பை எடுத்தால் அன்றைக்குப் பார்த்துத்தான் அது 165 போகும். லே-அப் செய்து தண்ணீரில் விழுவதைப் போன்ற அபத்தம் வேறில்லை. ஸேக் ஜான்சன் 2007 மாஸ்டர்ஸில் நான்கு நாளும் ஆடிய பதினாறு பார் 5 ஹோல்களில் ஒன்றில்கூட இரண்டாவது ஷாட்டில் கிரீனுக்குப் போக முயலவில்லை. அந்த ஹோல்களில் மட்டும் பாரைவிட 11 குறைவாக எடுத்துப் பட்டத்தையும் வென்றார். ஆனால் இதை எல்லா இடத்துக்கும் விதியாக்க வேண்டாம். முன்னால் ஆபத்தே இல்லாத இடத்தில் வேண்டுமென்றே பின்தங்கி நிற்பது வீண். 40 யார்டிலிருந்து அடிப்பது பொதுவாக 90 யார்டிலிருந்து அடிப்பதைவிட எளிதுதான்.

படி 5: மாட்டிக்கொண்டால்

புதியவர்களின் ஸ்கோர் வெடிப்பது இங்கேதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

மரங்களுக்குள் போனதும் கிளப்பைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் வெறுங்கையோடு நடந்து போய்ப் பந்தைப் பாருங்கள். பந்து எதன்மேல் கிடக்கிறது? வேர் மேலா, சருகு மேலா? சருகை விலக்கலாம், பந்து அசையக் கூடாது. அடுத்து, கிளப்பைப் பின்னால் தூக்க இடம் இருக்கிறதா? அதற்குப் பிறகுதான் வெளியேறும் வழி. முதலில் மிக அகலமான வழியைப் பாருங்கள். பலநேரம் அது பக்கவாட்டில், சில நேரம் பின்பக்கமே இருக்கும். அந்த வழிக்கு 7 ஐயன், பந்தைப் பின்கால் பக்கம் வைத்து, கைப்பிடியைக் கொஞ்சம் கீழே பிடித்து, இடுப்பளவு ஸ்விங். பந்து தாழ்வாக ஓடும். மறுபுறம் எவ்வளவு தூரம் ஓடி நிற்கவேண்டும் என்பதையும் பாருங்கள். ஒரு காட்டிலிருந்து எதிர்க்காட்டுக்கு உருட்டிவிடுவது அடிக்கடி நடக்கிற வேடிக்கை.

சந்து வழியே போவதா என்ற ஆசை வந்தால் ஒரு கேள்வி: இதே ஷாட்டைப் பத்து முறை அடித்தால் எத்தனை முறை வெளியே வரும்? எட்டுக்குக் குறைவு என்றால் வேண்டாம். "மரத்தில் பெரும்பகுதி காற்றுதான்" என்று கோல்ஃபர்கள் சொல்லிக்கொள்வார்கள். பந்து அதை நம்புவதில்லை.

ஆடவே முடியாத இடம் என்றால் அன்ப்ளேயபிள் அறிவிக்கலாம். அறிவிப்பது உங்கள் உரிமை, யாரையும் கேட்க வேண்டாம். பெனால்டி ஏரியாவுக்குள் மட்டும் முடியாது. ஒரு ஸ்ட்ரோக் தண்டத்தில் மூன்று வழி: முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம், பந்து கிடக்கும் இடத்தையும் கொடியையும் இணைக்கும் கோட்டில் பின்னோக்கி எவ்வளவு தூரமும் போகலாம், அல்லது பந்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், ஹோலுக்கு அருகில் போகாமல் போடலாம். கிளப் நீளம் என்பது பட்டர் தவிர உங்கள் பையில் இருக்கும் மிக நீளமான கிளப். பந்தை முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும். பங்கருக்குள் அன்ப்ளேயபிள் என்றால் இந்த மூன்றோடு, இரண்டு ஸ்ட்ரோக் தண்டத்தில் பங்கருக்கு வெளியே பின்கோட்டில் போடும் வழியும் 2019 விதிகளில் வந்தது. மணலில் மூன்று நான்கு முறை தோண்டுபவர்களுக்கு அது மலிவு.

சிவப்புக் கழிப் பகுதியில் விழுந்தால் பந்து கடைசியாக எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள் போடலாம். மஞ்சளில் இந்தப் பக்கவாட்டு வழி கிடையாது. பின்கோடு, அல்லது பழைய இடம்.

தண்டத்தை ஏற்றுக்கொள்வது மனதுக்குக் கசக்கும். ஏற்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1999 ஓபன் சாம்பியன்ஷிப்பை விடத் தெளிவான கணக்கு இல்லை. ஸ்காட்லாந்தின் கர்னூஸ்டி, கடைசி ஹோல், பார் 4. பிரான்ஸின் ழான் வான் டி வெல்ட் மூன்று ஸ்ட்ரோக் முன்னணி. ஆறு எடுத்தாலே பட்டம். டிரைவர் எடுத்தார், பந்து வலப்பக்கம் வெகுதூரம் விலகினாலும் ஆடும்படியாகக் கிடந்தது. அங்கிருந்து ஒரு வெட்ஜில் முன்னால் தட்டி, அடுத்த வெட்ஜில் கிரீன், மூன்று பட் என்றால்கூட ஆறு. அவர் 2 ஐயன் எடுத்துக் கிரீனை நோக்கி அடித்தார். பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பிய பந்து அடர்ந்த ரஃபில் விழுந்தது. அங்கிருந்து அடித்தது பேரி பர்ன் ஓடையில். காலணியைக் கழற்றி ஓடைக்குள் இறங்கி நின்று பார்த்துவிட்டு, கடைசியில் தண்டம் ஏற்றுப் பந்தை வெளியே போட்டார். அடுத்தது பங்கர். பங்கரிலிருந்து வெளியே வந்து பட்டைப் போட்டபோது ஏழு. ஸ்கோர் சமனாகி நடந்த பிளேஆஃபில் பால் லாரி வென்றார். அன்று காலை பத்து ஸ்ட்ரோக் பின்தங்கித் தொடங்கியவர். வான் டி வெல்ட் நான்கு நாளும் அருமையாக ஆடியவர், கையில் குறையில்லை. ஆறு போதும் என்ற எண் அந்த இரண்டாவது ஷாட்டின்போது கணக்கில் வராமல் போனதுதான்.

பங்கரைப் பற்றிச் சுருக்கமாக: முதல் நோக்கம் வெளியே வருவது, கொடி அல்ல. சாண்ட் வெட்ஜின் முகத்தைத் திறந்து வைத்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறக்கி, ஸ்விங்கை முடியுங்கள். பாதியில் நிறுத்துவதால்தான் பந்து உள்ளேயே நிற்கிறது. முன்சுவர் உயரம் என்றால் பக்கவாட்டில் வெளியே வாருங்கள். அடிப்பதற்கு முன் பந்தை ஒட்டி முன்னாலோ பின்னாலோ மணலைக் கிளப்பால் தொடக் கூடாது, தண்டம்.

படி 6: கிரீனைச் சுற்றி

பட்டரால் உருட்ட முடிந்தால் பட்டர், இடையில் புல் தடுத்தால் 9 ஐயனில் பந்தைக் கொஞ்சம் தூக்கி உருள விடும் தாழ்வான சிப், பங்கர் குறுக்கே இருந்தால் மட்டும் உயரமான லாப் ஷாட். மோசமான பட், நல்ல லாப் ஷாட் அளவுக்கு ஹோலுக்கு அருகில் போகும். மோசமான லாப் ஷாட் கிரீனின் மறுபக்கம் போகும்.

நீளமான பட்டில் திசையைவிட வேகம் முக்கியம். ஹோலிலிருந்து 3 அடி தூரத்துக்குள் நிறுத்துவதுதான் வேலை. பந்திலிருந்து ஹோல் வரை காலால் எட்டு வைத்து எண்ணுங்கள். 5 எட்டு, 10 எட்டு, 15 எட்டுக்கு எவ்வளவு பின்தூக்கு என்று ரவுண்டுக்கு முன் பயிற்சிக் கிரீனில் பத்து நிமிடம் பாருங்கள். சரிவான கிரீனில் பந்தை ஹோலுக்குக் கீழ்ப்பக்கம் விடுவது நல்லது, மேட்டை நோக்கிய குட்டி பட்டைத் தைரியமாக அடிக்கலாம். 8 அடி தூரத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறக்குறைய பாதிதான் போடுகிறார்கள். உங்கள் 8 அடி பட் தவறினால் தலையில் கைவைக்க வேண்டியதில்லை.

படி 7: ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே ஒழுங்கு

நூறு ஷாட் ஆடினாலும் ஸ்விங் நடக்கும் நேரம் மொத்தமாகச் சேர்த்தால் சில நிமிடங்கள்தான். மீதி நான்கு மணி நேரம் நடை, காத்திருப்பு, யோசனை. அவ்வளவு நேரமும் இறுக்கமாகக் கவனித்தால் 14-வது ஹோலில் மூளை களைத்துவிடும். கவனத்தை விளக்குபோல் போட்டு அணைக்கப் பழகவேண்டும். போடும் இடம், அணைக்கும் இடம் இரண்டையும் நிர்ணயிப்பதுதான் இந்த ஒழுங்கு.

பந்துக்கு மூன்று எட்டுப் பின்னால் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குப் பின்னால் யோசனை, முன்னால் செயல்.

பின்னால்: பந்து எப்படிக் கிடக்கிறது, நடுவுக்கு எவ்வளவு, காற்று எங்கே, தொலைந்துபோகும் பக்கம் எது என்று இதே வரிசையில் பாருங்கள். கிளப்பை முடிவு செய்யுங்கள். தூரத்தில் ஒரு சின்ன இலக்கைத் தேர்ந்தெடுங்கள்: மரத்தின் ஒரு கிளை, கம்பத்தின் உச்சி. "ஃபேர்வே நடு" என்பது இலக்கு இல்லை, ரொம்பப் பெரியது. அந்த இலக்குக்கும் பந்துக்கும் இடையே, பந்துக்கு ஒரு எட்டு முன்னால் ஒரு புல்லையோ தழும்பையோ அடையாளம் வையுங்கள். ஒரு ஒத்திகை ஸ்விங். நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து ஆறு எண்ணும்வரை வாயால் விடுங்கள். மூச்சு வெளியேறும்போது தோளும் பிடியும் தளரும்.

முன்னால்: கிளப் முகத்தை அந்த அடையாளத்துக்கு நேராக வைத்து, பிறகு கால்களை வையுங்கள். இலக்கை ஒருமுறை, அதிகம் போனால் இருமுறை பாருங்கள். அடியுங்கள். கோட்டைத் தாண்டியபின் "8 ஐயன் எடுத்திருக்கலாமோ" என்று தோன்றினால் பின்வாங்கி மறுபடி கோட்டுக்குப் பின்னாலிருந்து தொடங்குங்கள். சந்தேகத்தோடு அடித்த சரியான கிளப்பைவிட, உறுதியோடு அடித்த தவறான கிளப் பெரும்பாலும் நல்ல இடத்தில் விழும். விதிப்புத்தகம் ஒரு ஷாட்டுக்கு 40 நொடிக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைக்கிறது. பழகிவிட்டால் இந்த ஒழுங்கு முழுவதும் 25 நொடிதான்.

"தண்ணீரில் போடாதே" என்று மனதுக்குள் சொல்லாதீர்கள். அந்த வாக்கியத்தில் படமாக வருவது தண்ணீர் மட்டும்தான். "அந்தக் கிளையை நோக்கி" என்று சொல்லுங்கள்.

ஷாட் மோசமாகப் போனால்? கோபப்படலாம், பந்து நின்ற இடத்துக்கு நடக்கத் தொடங்கும்வரை. கிளப்பைத் துடைத்துப் பையில் வைப்பது முடிவுப் புள்ளி. கோபம் தீராமல் அடுத்த ஷாட்டுக்குப் போனால் உடலில் என்ன ஆகிறது என்று கவனியுங்கள்: பிடி இறுகும், மணிக்கட்டு மடங்காது, பின்தூக்கு அவசரமாகும், பந்து மெலிதாகவோ வலப்பக்கமாகவோ போகும். "விட்டதைப் பிடிக்கிறேன்" என்ற ஷாட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் முடிகின்றன. எனவே மோசமான ஹோலுக்கு அடுத்த டீயில் டிரைவருக்குப் பதில், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய கிளப்பை எடுப்பது நல்ல பழக்கம்.

முதல் டீ நடுக்கம் எல்லாருக்கும் உண்டு, பின்னால் நான்கு பேர் நின்று பார்க்கும்போது இன்னும் அதிகம். அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். முதல் டீயில் அடிக்கப்போகும் கிளப்பையே பயிற்சியில் கடைசியாக மூன்று முறை அடித்துவிட்டு நேராக அங்கே போங்கள். கை நடுங்கினால் பிடியை ஒருமுறை நன்றாக இறுக்கி விடுங்கள், தசை தானே தளரும்.

நன்றாக ஆடும்போதும் ஆபத்து உண்டு. 15-வது ஹோலில் அட்டையைக் கூட்டிப் பார்த்து "இன்னும் மூன்று போகி எடுத்தால் 95" என்று கணக்குப் போடத் தொடங்கியதும் ஆட்டம் மாறிவிடும். ஒவ்வொரு ஹோலுக்கும் எண்ணை எழுதுங்கள், கூட்டலைக் கடைசியில் வையுங்கள். மூன்று ஹோலுக்கு ஒருமுறை தண்ணீர் குடியுங்கள், ஒன்பதாவது ஹோலுக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். கடைசி நான்கு ஹோல்களின் அசட்டு முடிவுகளில் பசிக்கும் பங்கு உண்டு.

படி 8: ரவுண்டு முடிந்ததும் பத்து நிமிடம்

அட்டையை எடுத்து டபுள் போகிக்கு மேல் போன ஹோல்களை மட்டும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றிலும் கெட்ட ஷாட்டுக்கு எதிரே "கை" அல்லது "கணக்கு" என்று எழுதுங்கள். சரியான முடிவை எடுத்துச் சரியாகப் படவில்லை என்றால் கை. படவே வாய்ப்பில்லாத ஷாட்டை முயன்றது, ஆபத்துப் பக்கம் குறிவைத்தது, கிளப் குறைவாக எடுத்தது என்றால் கணக்கு. தண்டங்கள், மூன்று பட்டுகள், பங்கரிலேயே நின்ற ஷாட்டுகள் இவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

ஐந்து ரவுண்டுக்குப் பிறகு பாருங்கள். "கை" அதிகம் என்றால் பயிற்சியாளரிடம் போகலாம், எந்தக் கிளப் என்று அட்டையே சொல்லும். "கணக்கு" அதிகம் என்றால் ரேஞ்சில் கூடை கூடையாக அடித்துப் பயனில்லை. வட்டமிட்ட ஹோல்களை ஒரு தாளில் வரைந்து, எந்தக் கிளப், எந்தப் பக்கம், எங்கே நிறுத்துவது என்று வீட்டிலேயே எழுதி, அடுத்த முறை அந்தத் தாளோடு போங்கள்.